தானிக்கு ஈடாக வந்த இடம்

அடுத்தவர் தோற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது கெட்ட குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் ஃபூட்டி என்னும் கால்பந்தாட்டத்தில் அது ஒரு வேலை. அதற்குச் சம்பளம் உண்டு, காருக்குப் பெட்ரோலும் உண்டு. போர்ட் கொரிகன் பெண்கள் அணியில் அந்த வேலையைப் பார்த்தவள் ரோவீனா ட்ரெகியர். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது எல்லாம் அவள் பொறுப்பு. ஊரில் அவளை ரோ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மாட்டுத் தரகர் என்பார்கள். அவளுடைய அப்பா உண்மையிலேயே மாட்டுத் தரகர்தான் என்பதால் அவளுக்கு அதில் கோபம் இல்லை.

கணக்கு எளிது. வருடா வருடம் நாட்டிலுள்ள இளம் பெண்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த வருடம் எல்லோரிடமும் அடிவாங்கிய அணிக்கு வரிசையில் முதல் இடம், கோப்பை வாங்கிய அணிக்குக் கடைசி இடம். இந்த இடங்களை ஆட்டக்காரிகளுக்கு ஈடாகக் கொடுக்கலாம், வாங்கலாம். ஓர் அணியின் அடுத்த வருட இடத்தை இந்த வருடமே வாங்கிப் போடவும் செய்யலாம். வாங்கிப் போட்டுவிட்டால், கொடுத்த அணி தோற்கத் தோற்க வாங்கியவருக்கு லாபம். அதனால்தான் ரோ ஞாயிற்றுக்கிழமை டீவி முன்னால் உட்கார்ந்து, தன் அணி ஆடாத ஆட்டத்தில், எங்கேயோ இருக்கிற யாரோ தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பாள்.

போன டிசம்பரில் அவள் தானி பிராக்கை பெர்த் அணிக்குக் கொடுத்தாள். பதிலுக்கு பெர்த்தின் அடுத்த வருட இடத்தை வாங்கினாள். கொரிகனின் நடுக்களத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், முன்வரிசையில் பஞ்சம். யார் கண்ணுக்கும் அது நல்ல வியாபாரம்தான்.

தானிக்கு இருபத்து நான்கு வயது. பகலில் கால்நடை ஆஸ்பத்திரியில் நாய்களைக் குளிப்பாட்டுவாள், சாயங்காலம் பயிற்சிக்கு வருவாள். மைதானத்தின் ஓரம் முழுக்க ஓடித் திரிகிற விங் ஆட்டம் அவளுடையது. அவள் சாக்ஸ் ஒருநாளும் முழங்காலுக்கு ஏறியதில்லை. கணுக்காலில் சுருண்டு கிடக்கும். அவளை டிராஃப்டில் ரோதான் எடுத்தாள், அதுவும் கடைசியாக. மற்ற அணிகள் எல்லாம் போதும் என்று எழுந்துபோய், ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மைக்கில் சொன்ன பெயர் அது. கிளப் விருந்துகளில் ரோ இதை ஒவ்வொரு வருடமும் வேடிக்கையாகச் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆட்ட நாட்களில் மைதானத்தில், இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை விற்கும் கடை வைத்திருக்கும் தானியின் அம்மா கொலீனும் சிரிப்பாள்.

கைமாறுவதற்கு முந்தைய வாரம் கிளப் வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், தானி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோ, நேராச் சொல்லு. நான் இங்க வேணுமா, வேண்டாமா?"

"முடிவு உன்னோடதுதான் தானி. நீ எந்தப் பக்கம் போனாலும் எங்க மனசு உன்கூடத்தான் இருக்கும்."

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். வேண்டுமென்றால் 'நீ வேணும்' என்பார்கள். வேறு எதைச் சொன்னாலும் வேண்டாம் என்று அர்த்தம். தானி காலால் ஒரு கல்லைத் தட்டிவிட்டாள்.

"சரி விடு. கிரேவிக்கு விமானம் ஆகாது. நான் கார்லயே போயிடறேன்."

கிரேவி அவளுடைய நாய். அதைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, மரமே இல்லாத அந்த நீண்ட சமவெளியைக் கடந்து போனாள். பெர்த்துக்கு இன்னும் ஒருநாள் ஓட்டம் பாக்கி. விடியற்காலையில் சாலையின் குறுக்கே கங்காரு வந்திருக்க வேண்டும் என்றார்கள். கார் உருண்டு கிடந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கிரேவி மட்டும் சிராய்ப்போடு உட்கார்ந்திருந்ததாம்.

அதற்குள் இரண்டு அணிகளும் கையெழுத்துப் போட்டு, லீக் முத்திரையும் குத்தியாகிவிட்டது. மிகுந்த வருத்தத்துடன், ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருக்கும் என்று லீக் சொன்னது. பெர்த்தும் வருத்தம் தெரிவித்தது, கொரிகனும் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் எல்லோருக்கும் பொதுவாகப் போயிற்று. இடம் மட்டும் கொரிகனுக்கு வந்தது.

ஆகஸ்டில் சீசன் தொடங்கியது. பெர்த் முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அடுத்ததிலும் தோற்றது. கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. வாங்கிப் போட்ட இடம் மேலே ஏறினால் யாராவது மேஜையைத் தட்டுவார்கள், பயிற்சியாளர் டெஸ் ஃபரூஜியா எல்லோருக்கும் பீர் வாங்கித் தருவான். இந்த வருடம் மேஜையை யாரும் தட்டவில்லை. நான்காவது தோல்வியின்போது டெஸ் மட்டும் பழக்க தோஷத்தில், "அப்படிப் போடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். சொன்ன கையோடு தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்துபோனார்கள்.

அன்று வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் ரோவுக்கு அது முழுசாக உறைத்தது. பெர்த் தோற்ற ஆட்டங்கள் எல்லாம் மயிரிழையில் தோற்றவை. தானி விங்கில் ஓடியிருந்தால் பாதியையாவது ஜெயித்திருப்பார்கள். அவள் இல்லாததால் தோற்கிறார்கள், அவர்கள் தோற்பதால் கொரிகனின் இடம் ஏறுகிறது. அப்படியானால் தானி எவ்வளவு நல்ல ஆட்டக்காரியோ, அவள் செத்ததில் ரோவுக்கு அவ்வளவு லாபம். ரோ கையிலிருந்த தட்டைக் கழுவாமல் அப்படியே தொட்டியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு டீவியில்தான் முதல் தடவை பார்த்தாள். எந்த ஆட்டமாக இருந்தாலும் மைதானத்தில் இருக்கும் ஆட்களை எண்ணுவது அவளுக்கு வழக்கம். அவளுடைய அப்பா வண்டியில் ஏறுகிற மாடுகளை எண்ணுவது மாதிரி. ஒரு பக்கத்துக்குப் பதினாறு பேர். பெர்த் பக்கத்தை எண்ணினாள், பதினேழு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தூரத்து விங்கில், பந்து எங்கே போகிறதென்ற கவலையே இல்லாமல், இடுப்பில் கைவைத்து ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சாக்ஸ் கணுக்காலில் கிடந்தது. ரோ படத்தைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி எண்ணினாள். பதினாறுதான்.

அதன் பிறகு பெர்த் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் இருந்தாள். ஒருமுறை எண்ணினால் இருப்பாள், மறுமுறை எண்ணினால் இருக்கமாட்டாள். ரோ யாரிடமும் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் மட்டும் போனாள். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார்.

செப்டம்பர் கடைசியில் பெர்த் அணி கொரிகனுக்கு ஆட வந்தது. கடலிலிருந்து குளிர்காற்று சுழற்றியடித்தது. வேலியைச் சுற்றிக் கார்களை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே, கோல் விழும்போதெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது ஊர். ரோ மாடியில் கண்ணாடி அறைக்குள் டெஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாள். பதினேழு. இந்தமுறை மறையவில்லை.

இந்த விளையாட்டில் ஒரு பழைய விதி உண்டு. எதிரணியில் ஆள் கூடுதலாக இறங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், கேப்டன் நடுவரிடம் போய் எண்ணச் சொல்லிக் கேட்கலாம். கூடுதலாக இருந்தால் அதுவரை அந்த அணி போட்ட கோல் எல்லாம் அழிந்துபோகும். இல்லாவிட்டால் கேட்டவர்கள் அதற்கு அனுபவிக்க வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைக் கேட்டதில்லை.

"டெஸ், அவங்க பக்கம் ஆள் ஜாஸ்தி."

"என்ன உளர்ற?"

"கடல் பக்கத்து விங்ல பாரு. பதினேழு பேர்."

டெஸ் பார்த்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்களின் கூட்டம்தான்.

"எண்ணிட்டியா?"

"ரெண்டு தடவை."

ரோ எண்ணித் தப்பாகி டெஸ் பார்த்ததில்லை. ஃபோனை எடுத்துக் கீழே சொன்னான். கீழேயிருந்து ஒருத்தி மைதானத்துக்குள் ஓடிக் கேப்டனிடம் சொன்னாள். கேப்டன் நம்பாமல் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடுவரிடம் போனாள். விசில் ஒலித்தது. ஆட்டம் நின்றது.

பெர்த் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே நடுவில் வந்து வரிசையாக நின்றார்கள். நடுவர் விரலை நீட்டி ஒவ்வொருத்தியாக எண்ணிக்கொண்டு நடந்தார். கார்களில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்கள். ரோ வரிசையைப் பார்க்கவில்லை. அவள் விங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள், அவள் மட்டும் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, எண்ணுகிறவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது என்பது அப்போதுதான் ரோவுக்குப் புரிந்தது.

பதினாறு என்று நடுவர் கையைத் தூக்கிக் காட்டினார். வேண்டுமென்றே ஆட்டத்தை நிறுத்தியதாகச் சொல்லி, பெர்த்துக்கு ஃப்ரீ கிக் கொடுத்து, ஐம்பது மீட்டர் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். அது கோல். அந்தக் கோலில்தான் பெர்த் ஜெயித்தது. வருடம் முழுக்க அவர்கள் ஜெயித்த ஒரே ஆட்டம் அது.

"தரகரம்மாவுக்கு யாராவது ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா," என்று ஒரு காரிலிருந்து குரல் வந்தது. ஹாரன் அடித்துச் சிரித்தார்கள்.

டெஸ் ஆட்டம் முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நம்ம இடத்துக்கு நாமளே வேட்டு வச்சுட்டோம் ரோ," என்றான். அப்புறம், "நீ யாரைப் பார்த்தே?" என்று கேட்டான். அவன் குரலில் கிண்டல் இல்லை. ரோ படியிறங்கினாள்.

படிக்குக் கீழேதான் கொலீனின் பை கடை. வருடம் முழுக்க ரோ அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போவாள். அன்று கூட்டம் மொத்தமும் மற்ற வழியில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லை.

"சாப்டறியா? ஒண்ணே ஒண்ணு சூடா இருக்கு," என்றாள் கொலீன். "சாஸ்?"

"போடு."

கொலீன் பையின் தலையில் சாஸ் பிழிந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"கடல் பக்கத்து விங்லயா?"

"என்னது?"

"நீ பார்த்தது."

ரோ தலையை மட்டும் ஆட்டினாள்.

"சாக்ஸ் இறங்கித்தானே கிடந்துச்சு?"

"ஆமா."

"அதை ஏத்திவிடச் சொல்லி நான் கத்தாத நாள் இல்ல." கொலீன் பையைக் காகிதத்தில் வைத்து நீட்டினாள். "இங்கேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியாது ரோ. இந்தச் சுவர் மறைக்குது."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தைப் பார்த்துத்தான் ரோ அந்த முடிவுக்கு வந்தாள். பெற்ற வயிறு எரிகிறது, அந்த இடம் கொரிகன் கையில் இருக்கும்வரை தாய்க்கும் நிம்மதி இல்லை, மகளுக்கும் நிம்மதி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொலீனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆட்களை எடைபோடுவதே தொழிலாக இருப்பவர்களுக்கு, எதிரில் இருப்பவர் மனசும் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

சீசன் முடிந்தது. பெர்த் கடைசி. கொரிகன் கையில் டிராஃப்டின் முதல் இடம். பத்திரிகைகள் அதைச் சாபம் பிடித்த இடம் என்று எழுதின. டெஸ்ஸுக்குச் சாபமெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவனுக்கு பிரையர் நான்கெர்விஸ் வேண்டும். உள்நாட்டில் ஒரு கோதுமைப் பண்ணையிலிருந்து வந்த பெண், பத்து வருடத்துக்கு ஒருத்திதான் அப்படி வருவாள், முன்வரிசைக்கென்றே பிறந்தவள். ரோ அவளைப் பார்க்கப் போனாள். தூசி பறக்கும் மைதானத்தில் அந்தப் பெண் பயிற்சி முடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து கை கொடுத்தாள்.

"தானி பிராக் இடத்துலதான் என்னை எடுப்பீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?"

"அப்படிச் சொன்னா உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. எங்க அம்மாதான் ராத்திரி எழுந்து எழுந்து வந்து என்னைப் பார்த்துட்டுப் போறாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் தோளுக்குப் பின்னால், காலியான மைதானத்தின் எல்லைக் கோட்டில், யாரோ குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொள்வதும் அது மறுபடி சரிவதும் ரோவுக்குத் தெரிந்தது. அன்று ஊருக்குத் திரும்பும் வழியிலேயே காரை ஓரமாக நிறுத்திவிட்டு பெர்த்தில் இவள் வேலையைப் பார்க்கும் வாரன் லூபிச்சுக்கு ஃபோன் போட்டாள்.

"உன் இடத்தை நீயே எடுத்துக்க வாரன்."

"எது, முதல் இடமா? குடிச்சிருக்கியா ரோ?"

"உன்கிட்ட இருக்கறதுல எதையாவது குடு. சும்மா குடுத்தா லீக் விடமாட்டான்."

வாரன் தொழிலில் ஈவு இரக்கம் இல்லாதவன் என்று பேர் வாங்கியவன்.

"எனக்குப் பிச்சை போடறியா? இல்ல, உன்னைப் பிடிச்சதை என் தலைல கட்டப் பாக்கறியா?"

"ரெண்டும் இல்ல. அது உன்னோடதுதானே."

"அவ எங்க ஜெர்சியைப் போட்டுப் பார்க்கக்கூட இல்ல," என்றான் வாரன். அப்புறம், "சரி. முப்பத்தொண்ணாவது இடம் இருக்கு. அதை எடுத்துக்க," என்றான்.

கிளப்பில் டெஸ் நாற்காலியை உதைத்தான். மூன்று வருடம் ரோவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு இப்படி ஒரு நாளும் வரும் என்று நினைக்கவில்லை என்று கத்தினான். கிளப் தலைவருக்கோ பத்திரிகைகளின் தொல்லை விட்டால் போதும். நல்ல பேர் கிடைக்கும் என்று சொல்லித் தலையாட்டிவிட்டார். பரிமாற்றக் காலத்தின் கடைசி நாள் காலையில் ரோ கையெழுத்துப் போட்டாள். லீக் முத்திரை குத்தியது. வெளியே வந்து நின்றபோது ஒரு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. ரேடியோவில் சொல்வதற்கு முன் கொலீனிடம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நேராக அவள் வீட்டுக்குப் போனாள். ஏதோ பரிசு கொண்டுபோகிறவள் மாதிரித்தான் போனாள்.

வடக்கிலிருந்து அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. கொலீன் வலைக்கதவைத் திறந்து, ஈ நுழைவதற்குள் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சமையலறை மேஜைக்கு அடியில் கிரேவி படுத்திருந்தது. அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"நானே உனக்கு ஃபோன் பண்ணணும்னு இருந்தேன்," என்றாள் கொலீன். "உக்காரு. டீயா, குளிர்ச்சியா ஏதாவதா?"

"எதுவும் வேண்டாம். கொலீன், நான்..."

"இரு. முதல்ல நான் கேட்டுடறேன். இல்லாட்டி வெட்கமாயிடும்." அவள் பக்கத்து அறைக் கதவைக் காட்டினாள். கதவின் மேல் நீலக் கவுன் ஒன்று தொங்கியது, கடைச் சீட்டு இன்னும் அதிலேயே இருந்தது. "டிராஃப்ட் அன்னைக்கு நானும் உங்ககூட வரலாமா? பின்னாடி எங்கயாவது உக்காந்துக்கறேன்."

ரோ அந்தக் கடைச் சீட்டையே பார்த்தாள்.

"போன தடவை நான் போகல. கடைசில கூப்பிட்டாங்களாம்ல, நாற்காலி அடுக்கற சத்தத்துல அவ பேரே சரியாக் கேக்கலன்னு சொன்னா. நீ விருந்துல சொல்லும்போதெல்லாம் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பேன்." கொலீன் மேஜை விரிப்பைத் தடவிச் சரிசெய்தாள். "இந்தத் தடவை முதல்ல கூப்பிடுவாங்க. அந்தக் கோதுமைக்காரப் பொண்ணு பேரைத்தான் சொல்லுவாங்க, தெரியும். எனக்கு ஒண்ணும் புத்தி பேதலிக்கல. ஆனா அது யாருக்கு ஈடா வந்ததுன்னு அங்க உக்காந்திருக்கற அத்தனை பேருக்கும் தெரியும்ல. ஒவ்வொரு ஞாயிறும் பெர்த் தோக்கும்போது நான் என்ன நினைச்சேன் தெரியுமா? போடி ராசாத்தி, இன்னும் ஒரு படி ஏறுன்னு நினைச்சேன்."

"கொலீன், அந்த இடம் நம்மகிட்ட இல்ல."

"என்ன?"

"பெர்த்துக்கே திருப்பிக் குடுத்துட்டேன். இன்னைக்குக் காலைல." ரோ அவசர அவசரமாகப் பேசினாள். "உனக்காகத்தான் செஞ்சேன். அவளுக்காகவும். அவ அங்கயே நின்னுட்டிருக்கா கொலீன். நீகூடக் கேட்டியே. அவ நிம்மதியாப் போகட்டும்னுதான்."

கொலீன் அவளைப் பார்த்தபடி இருந்தாள்.

"அவளை ஒரு தடவை போகச் சொன்னது பத்தாதா உனக்கு?"

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிடக்கூடாதென்றுதான் ரோ ஒரு வருடமாகப் பை கடையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தாள்.

"திரும்ப வாங்க முடியாதா?" என்று கேட்டாள் கொலீன்.

"முத்திரை குத்தியாச்சு."

"சும்மா குடுத்திருக்க மாட்டியே. நீ தரகர் பொண்ணு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. சந்தையில் விலை விசாரிப்பவள்போலக் கேட்டாள். "சொல்லு. என் பொண்ணுக்கு என்ன குடுத்தாங்க?"

பொய் சொல்லலாமா என்று ரோ நினைத்தாள். ஆனால் சாயங்காலம் ரேடியோவில் வந்துவிடும்.

"முப்பத்தொண்ணாவது இடம்."

"முப்பத்தொண்ணு." கொலீன் அதை இன்னொரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "இன்னைக்குக் காலைல வரைக்கும் அவ முதல் ஆளா இருந்தா, ரோ."

ரோ அழுதாள். கொலீன் அழவில்லை. எழுந்துபோய்க் கதவிலிருந்து கவுனை எடுத்து, மேஜைமேல் பரப்பி, கைகளை மடித்து, கடைப்பைக்குள் வைத்தாள்.

"கடை அஞ்சு மணிக்குச் சாத்திடுவாங்க. என்னை அங்க இறக்கி விட்டுடு. பஸ்ஸுக்கு நிக்க முடியாது இந்த வெயில்ல."

மூவரும் காரில் போனார்கள். கிரேவி பின்னிருக்கையில் ஏறி, இருக்கை முழுதும் காலியாக இருந்தும், ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. ரோ கடைவரைக்கும் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

கடைப்பெண் கவுனைப் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அழுக்கு இல்லை, கிழிசல் இல்லை.

"அளவு சரியில்லையா?"

"அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு," என்றாள் கொலீன். "விசேஷம் நின்னுபோச்சு."